மாம்பழம் வருவதற்குள்

ஏப்ரல் 9, காவேரிப்பட்டணம்

செந்தூரா தலைகாட்ட ஆரம்பித்துவிட்டது. பெங்களூரா மே நடுவில் லோடு லோடாக இறங்கும் என்கிறார் எடைமேடை அண்ணன். அதற்குள் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சர்வரைக் காலி செய்து, அதிலுள்ள எடைச்சீட்டு டேட்டாபேஸை அமேசான் கிளவுடுக்கு மாற்றியாக வேண்டும். அதன் ஃபேன் நேற்றிலிருந்து ஒரு மாதிரி அரைக்கிறது.

ஏப்ரல் 11

போஸ்ட்கிரஸ் (நம் டேட்டாபேஸ் மென்பொருள்) ஓடவேண்டிய பாட், அதாவது கன்டெய்னர் பெட்டி, எழவே இல்லை. 'பெண்டிங்' என்றே நிற்கிறது. டிஸ்க் அமேசானின் மும்பை ரீஜனில் ஒரு ஜோனில் (தனி டேட்டா சென்டர் தொகுதியில்) உருவாகியிருக்கிறது, இடம் இருக்கும் மெஷினோ இன்னொரு ஜோனில். இபிஎஸ் டிஸ்க் (அமேசானின் கிளவுட் டிஸ்க்) உருவான ஜோனை விட்டு நகராது. டிஸ்க்கை எப்படி உருவாக்குவது என்று சொல்லும் ஸ்டோரேஜ் கிளாஸில் 'வெயிட் ஃபார் ஃபர்ஸ்ட் கன்ஸ்யூமர்' என்று போட்டால், பாட் எங்கே உட்காருகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம்தான் டிஸ்க்கை உருவாக்கும். போட்டேன். எழுந்தது.

எழுந்த வேகத்தில் விழுந்தது. புது டிஸ்க்கில் 'லாஸ்ட் பிளஸ் ஃபவுண்ட்' என்று ஒரு ஃபோல்டர் தானாகவே இருக்கும். காலியாக இல்லாத இடத்தில் போஸ்ட்கிரஸ் குடியேறாது. உள்ளே தனி ஃபோல்டர் காட்டினேன். சரியாகிவிட்டது.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. அப்பா விடியற்காலையிலேயே தோப்புக்குப் போய் வந்தார். காய் நல்லாப் பிடிச்சிருக்குது, காத்து மட்டும் அடிக்காம இருக்கணும் என்றார்.

ஏப்ரல் 16

தூக்கம் வரவில்லை. ஒரே நினைப்பு: டிஸ்க்.

பாட் செத்தால், பாட்களை மேய்க்கும் குபர்நெட்டிஸ் இன்னொன்றை எழுப்பிவிடும், அதைப் பற்றிக் கவலை இல்லை. கன்டெய்னர் என்பதே செத்துப் பிழைப்பதற்குத்தான். ஆனால் எடைச்சீட்டு அப்படி இல்லையே. ஒரு விவசாயி ராத்திரி முழுக்க டிராக்டரில் வரிசையில் நின்று, காலையில் எடை போட்டு, ஒரு துண்டுச் சீட்டோடு வீட்டுக்குப் போகிறார். பணம் வரும்வரை அவருக்கு இருக்கும் ஆதாரம் அந்தச் சீட்டும் நம் டேட்டாபேஸில் இருக்கும் ஒரு வரியும்தான். தானாக உருவாகும் டிஸ்க்குகளுக்கு 'ரீக்ளெய்ம் பாலிசி' என்ற இடத்தில் எதுவும் எழுதாவிட்டால் 'டெலீட்' என்று அர்த்தம். யாராவது பிவிசியை, அதாவது டிஸ்க் கேட்கும் விண்ணப்பத்தை, அழித்தால், டிஸ்க்கும் அதோடு போய்விடும். இவ்வளவு பெரிய விஷயத்தை எழுதாமல் விட்டால் அழி என்று எடுத்துக்கொள்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. 'ரீட்டெய்ன்' (வைத்திரு) என்று மாற்றினேன். ஏற்கெனவே உருவான வால்யூமிலும் (டிஸ்க்கின் பதிவிலும்) தனியாக மாற்ற வேண்டும், கிளாஸில் மாற்றியது பழையதைத் தொடாது. அதையும் செய்தேன். எழுந்துபோய் மறுபடியும் ஒருமுறை பார்த்தேன்.

ஏப்ரல் 19

காற்று. நல்ல காற்று.

ஏப்ரல் 20

அப்பா பேசவில்லை. உதிர்ந்த காயைச் சாக்கில் கட்டிக்கொண்டிருக்கிறார். ராத்திரியெல்லாம் கரண்ட் இல்லை.

ஏப்ரல் 22

இன்றைக்கு நடந்தது பயமுறுத்திவிட்டது.

சோதனை கிளஸ்டரில் (குபர்நெட்டிஸ் ஓடும் மெஷின் கூட்டத்தில்) கணக்குப் பார்க்கும் அக்கா ஒரு பெயரைத் தேடினார். கமலா. இல்லை என்றது. "ஏப்பா, போன சீசன்ல நானே பில்லு போட்டேன், எப்பிடி இல்லாம போவும்?" என்றார். முழுப் பட்டியலைத் திறந்தால் கமலா இருக்கிறார். பெயரால் தேடினால் இல்லை. இன்டெக்ஸை (சீக்கிரம் தேட வரிசையாக அடுக்கிய பட்டியலை) பயன்படுத்தாதே என்று சொல்லிவிட்டு அதே கேள்வியைக் கேட்டேன். உடனே வந்தார்.

வரி இருக்கிறது, இன்டெக்ஸ் வழி தவறுகிறது. மத்தியானம் சாப்பிடாமல் லாக்கைப் படித்தேன். டேட்டாபேஸுக்கு ஒரு கொலேஷன் (எழுத்து வரிசை விதி) பதிப்பு பதிவாகியிருக்கிறது, இப்போது எதுவும் இல்லை என்று ஓர் எச்சரிக்கை. தம்பி போன வாரம் இமேஜை (கன்டெய்னர் எழும் மூலப் பொதியை) டெபியன் லினக்ஸிலிருந்து ஆல்பைன் லினக்ஸுக்கு மாற்றியிருந்தான். அளவு சின்னது, சீக்கிரம் இறங்கும் என்று. டிஸ்க் பழையது, இமேஜ் புதியது.

டெபியனில் எழுத்து வரிசையைச் சொல்வது ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம். அதில் தமிழ் நெடுங்கணக்கு பெரும்பாலும் ஒழுங்காக வரும், மகரத்துக்கு வெகு பின்னால்தான் னகரம். அதனால் கமலா முன்னால், கனகா பின்னால். ஆல்பைனில் அந்த இடத்தில் இருப்பது மஸ்ல். அது மொழியைப் பார்ப்பதில்லை, யூனிகோடு எண்ணை மட்டும் பார்க்கிறது. யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறது, ம-வுக்கு முன்னால். எனவே கனகா முன்னால் போய்விடுகிறார். பழைய வரிசையில் அடுக்கிய இன்டெக்ஸைப் புது வரிசையை நம்பித் தேடினால், கமலா இருக்கும் பக்கத்துக்கே போகாமல் திரும்பி வருகிறது. அம்மாசி, அன்பு என்று போட்டுப் பார்த்தேன். அதே கதை.

இல்லை என்று வந்தால் என்ன செய்வார்கள்? புதிதாகச் சேர்ப்பார்கள். ஒரே பெயர் இரண்டு முறை ஏறாமல் தடுக்கும் யுனிக் இன்டெக்ஸும் ஏமாந்து விட்டுவிடும். ஒரே ஆள் இரண்டு பேராகி, பாதி எடை ஒரு கணக்கில், பாதி இன்னொன்றில். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

ஏப்ரல் 23

டெபியன் இமேஜுக்குத் திரும்பினோம். அது மட்டும் போதாது. ஆல்பைனில் இருந்தபோது ஏறிய வரிகள் இப்போது தப்பான இடத்தில் இருக்கும். முழு டேட்டாபேஸுக்கும் ரீஇன்டெக்ஸ், அதாவது இன்டெக்ஸ்களை மறுபடி அடுக்கினேன். இன்டெக்ஸைச் சோதிக்கும் ஆம்செக்கை ஓட்டினேன், சுத்தம். இரட்டைப் பெயர்களைத் தனியாகத் தேடினேன், இல்லை. இமேஜ் பெயரில் பதிப்பை முழுசாக எழுதி, இனி அதை மாற்றினால் இருவரும் பார்த்த பிறகுதான் என்று தம்பியிடம் சொன்னேன். "சரிண்ணா" என்றான். முகம் வாடிவிட்டது. கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன்.

விவசாயிகள் பட்டியலுக்கு மட்டும் ஐசியூ என்ற மொழி நூலகத்தின் தமிழ் வரிசையை வைத்துவிட்டேன். அக்கா அச்சடித்துப் பார்த்துவிட்டு, இதுதான் சரி என்றார்.

ஏப்ரல் 27

எக்சிட் கோடு 137. நினைவகம் போதாமல் கன்டெய்னரைக் கொன்றிருக்கிறது. நினைவக லிமிட்டைக் கூட்டினேன், ரீஸ்டோரில் (பேக்கப்பிலிருந்து மீட்பதில்) ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளைக் குறைத்தேன். மேலே சொல்ல ஒன்றும் இல்லை.

மே 3

இன்று முழுக்க ரீஸ்டோர். எஸ்3-இல் (அமேசானின் கோப்புக் கிடங்கில்) இருக்கும் பேஸ் பேக்கப்பையும் வால் கோப்புகளையும் (அதற்குப் பின் நடந்த மாற்றங்களின் பதிவுகளையும்) மட்டும் வைத்துக்கொண்டு, வேறொரு ஜோனில் வெறும் டிஸ்க்கில் எழுப்பினோம். எடைமேடை அண்ணன் பழைய சீட்டுக் கட்டிலிருந்து கண்ணை மூடி ஒன்றை உருவி எண்ணைப் படிப்பார், நான் திரையில் எடையைச் சொல்வேன். எல்லாம் ஒத்துப்போனது. ஒருமுறை அவர் நிறுத்தி, "இது உங்கப்பா லோடு கண்ணு" என்றார்.

மே 7

மாடிப்படி சர்வர் இன்று தானாக அணைந்து, தானாக எழுந்தது. இனி காத்திருக்க முடியாது. நாளை ராத்திரி பத்து மணிக்கு எழுதுவதை நிறுத்தி, கடைசி டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுத்து, அனுப்பி, எண்ணிக்கை சரிபார்த்து, விடியற்காலை நாலுக்குள் முடிக்க வேண்டும். எடைமேடையை ஆறு மணிக்குத் திறக்கிறார்கள். பர்கூர் பக்கத்திலிருந்து இரண்டு லோடு கிளம்பிவிட்டதாம்.