பெரிய ஆபரேஷனில் பி.பி. இறங்காமல் பார்த்துக்கொள்வது: அம்மாவுக்காக நாங்கள் செய்த தயாரிப்பு

அம்மாவுக்குப் பெருங்குடலில் கட்டி என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரைப் பற்றித்தான் விசாரித்தார்கள். மயக்க மருந்து கொடுப்பவரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான் எழுத நினைப்பது அவரிடம் போய் வந்த கதையை. வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். யாருக்கு இறங்கும் என்று முன்பே ஓரளவு கணிக்கலாம், பெருமளவு தடுக்கவும் செய்யலாம். அதற்கான வேலையில் கணிசமான பங்கு வீட்டில்தான் நடக்கிறது.

எங்கள் வீடு கொருக்குப்பேட்டையில். நான் தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் ஃபார்மசிஸ்ட். அம்மாவுக்கு 64 வயது, பல வருடமாக பி.பி. உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் எனாலாபிரில், அட்டெனோலால் என்ற இரண்டு பி.பி. மாத்திரைகளும் வீட்டுக்கே வந்துவிடும். ஆபரேஷன் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில். ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் வரிசையாக முடிந்து, கடைசியில் அனஸ்தீசியா ஃபிட்னஸ், அதாவது மயக்க மருந்தை உடம்பு தாங்கும் என்ற சான்று, வாங்க மயக்க மருந்து டாக்டரிடம் போனோம்.

அன்று ரயில்வே கேட் மூடியிருந்தது. வெயிலில் நின்று, அப்புறம் ஆட்டோவில் அவசரமாகப் போய்ச் சேர்ந்தோம். அங்கே அளந்தபோது பி.பி. 172/96. நான் பயந்துவிட்டேன். அந்த டாக்டர் பயப்படவில்லை. “இது இங்க வந்ததால ஏறின பி.பி. உங்க அம்மா வீட்ல சும்மா உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு இருக்கும்? எனக்கு அதுதான் வேணும்” என்றார்.

மாதம் ஒருமுறை குறித்த அட்டை எங்களிடம் இருந்தது. அது போதாது என்றார். காலை, மாலை இரண்டு வேளையும் அளக்க வேண்டும். அதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல், முதுகு சாய்ந்து, கால் தரையில் படும்படி உட்கார வேண்டும். கையை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் வைத்து அளந்து நோட்டில் எழுத வேண்டும். அப்படி எழுதிப் பார்த்ததில் சராசரி 138/82-ஐ ஒட்டி வந்தது.

இந்த எண் எதற்கு என்று அடுத்த முறை அவரே உட்காரவைத்து விளக்கினார். ஆபரேஷன் தியேட்டரில் அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது மேல் எண்ணையோ கீழ் எண்ணையோ தனியாக அல்ல, சராசரி அழுத்தத்தை. கீழ் எண்ணோடு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் கிட்டத்தட்ட அது வரும். அம்மாவுக்கு 82-உடன் சுமார் 19, ஆக 100 சொச்சம். இந்தச் சராசரி 65-க்குக் கீழே போய் நீடித்தால் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் பாதிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் வருடக்கணக்கில் 100-க்குப் பழகிய உடம்புக்கு 65 வசதியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. “இவங்களுக்கு 80-ஐ ஒட்டி வெச்சுக்கப் பார்க்கிறேன்” என்றார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு அம்மாவுக்கு ஏற்கெனவே 1.2. அதனால் அந்த வார்த்தை எனக்குப் பெரிய நிம்மதி.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 2017-இல் பிரான்சில் சுமார் 300 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பெரும்பாலும் வயிற்று ஆபரேஷன்கள். ஒவ்வொருவரின் வழக்கமான மேல் எண்ணிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் விலகாமல் பார்த்துக்கொண்டவர்களில் 38 சதவீதம் பேருக்கு உறுப்புப் பாதிப்பு வந்தது. வழக்கமான முறையில் பார்த்துக்கொண்டவர்களில் அது 52 சதவீதம். அந்த ‘வழக்கமான எண்’ எங்கிருந்து வரும்? நோயாளியிடமிருந்துதான் வர வேண்டும். அதனால்தான் அந்த நோட்டை நான் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன்.

அடுத்தது மாத்திரை. எனாலாபிரில் போன்றவை உடம்பில் இருக்கும்போது மயக்க மருந்தும் சேர்ந்தால் ரத்தக் குழாய்கள் மிகவும் தளர்ந்துவிடும். அதனால் ஆபரேஷனுக்கு 24 மணி நேரம் முன்பே அதை நிறுத்தச் சொன்னார். அட்டெனோலாலை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது, ஆபரேஷன் அன்று காலையும் ஒரு மடக்குத் தண்ணீரில் போட வேண்டும். எல்லா பி.பி. மாத்திரையையும் தாங்களாகவே நிறுத்திவிட்டு வருபவர்களையும், எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு வருபவர்களையும் அவர் தினமும் பார்க்கிறாராம். எது நிற்க வேண்டும், எது தொடர வேண்டும் என்பதை அவரவர் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குச் சொன்னது எல்லோருக்கும் பொருந்தாது.

கட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்து அம்மாவுக்குச் சோகையும் இருந்தது. இரும்புச்சத்தை ட்ரிப்ஸில் ஏற்றினார்கள். அதுவும் ஆபரேஷனுக்கு உடம்பைத் தயார்செய்யும் இதே வேலையில்தான் சேர்கிறது.

குடலைச் சுத்தப்படுத்தப் பேதி மருந்து குடித்த அன்று வீட்டில் பெரிய வாக்குவாதம். “ஆபரேஷன்னா வாயில பச்சைத் தண்ணி படக்கூடாது” என்று பெரியம்மா பிடிவாதமாக இருந்தார். அவர் காலத்து வழக்கம் அது. ஆனால் பேதியில் நீர் போய், இரவு முழுக்க ஒன்றும் குடிக்காமல் வறண்டு போன உடம்புடன் மேசையில் படுத்தால், மயக்கம் கொடுத்த சில நிமிடங்களிலேயே அழுத்தம் சரியும். திட உணவையும் பாலையும் ஆறு மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம் என்று டாக்டர் சொன்னதைச் சீட்டோடு காட்டினேன். “கஞ்சித் தண்ணியாவது குடுக்கலாமா?” என்றார். கூடாது, கலங்கலாக இருப்பது எதுவும் கூடாது. சரி என்று அவரே விடியற்காலையில் எழுந்து அம்மாவுக்கு டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

தியேட்டரில் நடந்ததை அங்கிருந்த பி.ஜி. டாக்டர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். மயக்கம் கொடுக்கும் முன்பே மணிக்கட்டுத் தமனியில் மெல்லிய குழாய் போட்டுவிட்டார்கள். கையில் பட்டை கட்டி அளந்தால் சில நிமிடத்துக்கு ஒருமுறைதான் எண் தெரியும். இதில் ஒவ்வொரு துடிப்புக்கும் அழுத்தத்தின் அலை திரையில் ஓடும். அழுத்தத்தை ஏற்றும் மருந்தான நார்அட்ரினலின் பம்பில் தயாராக இருந்தது. மயக்க மருந்து ஏறியதும் ஒருமுறை இறங்கியது. வயிற்றைத் திறந்து குடலை வெளியே இழுத்தபோது முகம் சிவந்து மறுபடி இறங்கியது. குடலை இழுக்கும்போது ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் பொருள்கள் சுரப்பதால் இப்படி ஆகுமாம். இரண்டும் எதிர்பார்த்ததுதான் என்பதால் உடனே சரிசெய்துவிட்டார்கள்.

சலைனை நிறைய ஏற்றினால் போதாதா என்று கேட்டேன். அதிகமானால் குடல் வீங்கும், நுரையீரலில் நீர் கோர்க்கும். ரொம்பக் கட்டுப்படுத்தினாலும் ஆபத்து. 2018-இல் சுமார் 3,000 பேரிடம் நடந்த ஆய்வில், திரவத்தைக் கட்டுப்படுத்தியவர்களில் 8.6 சதவீதம் பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு, தாராளமாகக் கொடுத்தவர்களில் 5 சதவீதம். அதனால் அலையின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து, திரவம் தேவையா மருந்து தேவையா என்று பிரித்துக் கொடுக்கிறார்கள்.

அழுத்தம் இறங்கப்போவதைச் சில நிமிடங்கள் முன்பே சொல்லும் கணினிக் கருவியும் வந்திருக்கிறது. அந்த அலையைப் படித்து 0 முதல் 100 வரை மதிப்பெண் காட்டும், 85-ஐத் தாண்டினால் எச்சரிக்கும். 2020-இல் ஆம்ஸ்டர்டாமில் 60 பேரிடம் நடந்த ஆய்வில் தாழ்ந்த அழுத்தத்தில் கழிந்த நேரம் நன்றாகக் குறைந்தது. ஆனால் அந்த மதிப்பெண் பெரும்பாலும் அப்போதைய அழுத்தத்தையே வேறு வடிவில் காட்டுகிறது என்ற விமர்சனமும் வலுவாக இருக்கிறது. அம்மாவுக்கு அந்தக் கருவி இல்லை. பக்கத்தை விட்டு நகராத டாக்டர் இருந்தார். அது எனக்குக் குறையாகவே தெரியவில்லை.

வார்டுக்கு வந்த பிறகும் கவனம் வேண்டும். வலிக்காக முதுகில் போட்டிருந்த எபிடூரல் மருந்தும் அழுத்தத்தைக் குறைக்கும். முதல்முறை எழுப்பியபோது அம்மாவுக்குக் கண்ணைக் கட்டியது. முதலில் தலைப்பக்கத்தை உயர்த்தி, பிறகு கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்து, அப்புறம்தான் நிற்கவைக்க வேண்டும் என்று சிஸ்டர் காட்டிக்கொடுத்தார். பையில் இறங்கும் சிறுநீரை மணிக்கு மணி குறித்தார்கள். கிரியாட்டினின் ஏறவே இல்லை.

எனாலாபிரிலை எப்போது மறுபடி தொடங்குவது என்று நானே கேட்டேன். அழுத்தம் பழைய அளவுக்குத் திரும்பி, அம்மா வாய்வழியாகச் சாப்பிடத் தொடங்கியதும் ஆரம்பித்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டோடு மயக்க மருந்துப் பதிவின் நகலையும் கேட்டு வாங்கி ஃபைலில் வைத்திருக்கிறேன். எப்போது இறங்கியது, எந்த மருந்தில் எவ்வளவு ஏறியது என்று அதில் இருக்கிறது. அம்மாவுக்கு இன்னொரு ஆபரேஷன் வந்தால் அந்த டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.