ஒரு மேளம், இரண்டு பெயர், நடுவில் ஒரு சாய்கோடு

யுனெஸ்கோவின் மனுப் படிவத்தில் ஒரு வரி இருக்கிறது. பல நாடுகள் சேர்ந்து விண்ணப்பித்தால், நாடுகளின் பெயர்களைத் தமக்குள் ஒத்துக்கொண்ட வரிசையில் எழுத வேண்டுமாம். முதல் தடவை அதை மொழிபெயர்த்தபோது கை நிற்கவே இல்லை. பிறகு அந்த வரி எங்களை ஒரு வருடம் பின்னால் தள்ளியது.

எனக்குச் சொந்த ஊர் புதுச்சேரி. பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்த்துப் பிழைப்பவன். மனைவியின் வேலைக்காக ஜாம்பியாவின் தலைநகர் லுசாக்காவில் குடியிருக்கிறோம். மேற்கு ஆப்பிரிக்காவின் அண்டை நாடுகள் இரண்டு, எல்லையின் இருபுறமும் வாசிக்கப்படும் ஒரு மேளத்தை யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படியான பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்க ஆசைப்பட்டன. ஒரு நாட்டின் அலுவலக மொழி பிரெஞ்சு, இன்னொன்றில் ஆங்கிலம். அதனால்தான் நான் உள்ளே வந்தேன். நாடுகளின் பெயரையும் மேளத்தின் பெயரையும் சொல்லமாட்டேன். மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

தூரத்திலிருந்து பார்க்க எளிதான வேலைதான். ஒரு படிவம், பத்துப் புகைப்படம், ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு வீடியோ, அந்த மரபைக் கையாளும் மக்களின் சம்மதம். மார்ச் 31க்குள் போய்ச் சேர வேண்டும். ஆறு நிபுணர்களும் ஆறு தொண்டு நிறுவனங்களும் கொண்ட மதிப்பீட்டுக் குழு படிக்கும். அடுத்த வருடக் கடைசியில் 24 நாடுகளின் கமிட்டி முடிவு சொல்லும்.

முதல் அடி சொற்களில் விழுந்தது. இரண்டு அமைச்சகங்களும் அனுப்பிய வரைவுகளில் 'தொன்மையான', 'அசலான', 'எங்களிடம்தான் பிறந்தது' என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. மதிப்பீட்டுக் குழுவுக்கு இவை ஆகவே ஆகாது. இந்தப் பட்டியல் யாருக்கும் பட்டா எழுதித் தருவதில்லை. இன்றைக்கு யார் வாசிக்கிறார்கள், நாளைக்கும் வாசிக்க என்ன ஏற்பாடு என்றுதான் அது கேட்கிறது. 'அசலான' என்பதை அடித்துவிட்டு அனுப்பினேன். "எங்கள் தாத்தா போலியா வாசித்தார்?" என்று கேட்டு ஒரு அதிகாரி பதில் போட்டார். நியாயமான கோபம்தான்.

அடுத்தது சம்மதம் வாங்கும் கூட்டம், எல்லைக் கிராமத்தில். எக்கோவாஸ் என்ற மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் நாட்டுக்காரர்கள் 1979ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி விசா இல்லாமல் ஒருவர் நாட்டில் ஒருவர் 90 நாள் தங்கலாம். மேளக்காரர்கள் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தார்கள். என்னிடம் ஒரு நாட்டு விசாதான் இருந்தது. சோதனைச் சாவடி மூங்கிலுக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக் கூட்டத்தைப் போனில் கேட்டு மொழிபெயர்த்தேன். எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், மற்றவர்கள் கைநாட்டு. வீடியோவில் பேசிச் சம்மதம் சொன்னாலும் செல்லும் என்று சொல்லிப் பார்த்தேன். பெரியவர்கள் கேட்கவில்லை. காகிதத்தில் மை பட்டால்தான் அது சம்மதம்.

எல்லாம் கூடி வந்த நேரத்தில் பெயரில் வந்து முட்டியது. மேளத்துக்கு அங்கே ஒரு பெயர், இங்கே ஒரு பெயர். தலைப்பில் எது முதலில்? நாடுகளில் எது முதலில்? இரண்டு தலைநகரங்களிலிருந்தும் மரியாதையான கடிதங்கள் வந்தன, ஒன்றுகூட விட்டுக்கொடுக்கவில்லை. 2024 மார்ச் 31 எங்களைக் கேட்காமலே போய்விட்டது.

நல்ல வேளை, அதற்கு முந்தைய டிசம்பரில் போட்ஸ்வானாவின் கசானே ஊரில் கமிட்டிக் கூட்டம் நடந்தபோது வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். குஜராத்தின் கர்பா நடனம், எத்தியோப்பியாவின் ஷுவாலித் திருவிழா எல்லாம் பட்டியலில் ஏறிய கூட்டம் அது. ஆனால் எனக்கு மனதில் நின்றது வழியில் பார்த்த கசுங்குலா பாலம். ஜாம்பியாவையும் போட்ஸ்வானாவையும் சேர்க்க ஜாம்பெசி ஆற்றின் மேல் 923 மீட்டர் நீளத்தில் கட்டி 2021இல் திறந்தார்கள். பாலம் நேராகப் போகாது, வில் மாதிரி வளைந்து போகும். நேராகப் போனால் ஜிம்பாப்வே எல்லையைத் தொட்டுவிடுமாம். ஒத்து வராதவரைச் சுற்றிக்கொண்டு போக ஆற்றின் மேலேயே ஒரு வளைவு.

அந்த வளைவு நினைவுக்கு வரவும் பழைய கோப்புகளைத் தோண்டினேன். மலாவியும் ஜிம்பாப்வேயும் 2020இல் தங்கள் விரல் வாத்தியத்தை 'இம்பிரா/சன்சி' என்று சாய்கோடு போட்டே ஏற்றியிருக்கின்றன. செனுஃபோ மக்களின் பலாஃபோன் என்ற மரக்கட்டை வாத்தியம் 2011இல் மாலி, புர்கினா ஃபாசோ பெயரில் ஏறி, மறுவருடம் ஐவரி கோஸ்டையும் சேர்த்துக்கொண்டது. (2025 ஜனவரியில் மாலியும் புர்கினாவும் எக்கோவாஸிலிருந்தே வெளியேறிவிட்டன. பலாஃபோன் மட்டும் மூவர் பெயரிலும் அப்படியே இருக்கிறது.)

சாய்கோட்டை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன. அதன் எந்தப் பக்கம் யார் என்பதில் மறுபடியும் கடிதங்கள். அவிழ்த்தவர் ஒரு தூதரகத்தின் இளநிலை அதிகாரி. தேநீர் இடைவேளையில், சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, "நாடுகளின் வரிசையில் நீங்கள் முதலில் இருங்கள், மேளத்தின் பெயரில் நாங்கள் முதலில் இருக்கிறோம்" என்றார். பத்து நிமிடத்தில் முடிந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிய மாதங்களை நினைத்து எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

தலைப்பை எல்லைக் கிராமத்துப் பெரியவர் ஒருவருக்குப் போனில் படித்துக் காட்டினேன். "இரண்டும் எங்கள் ஊரில் சொல்வதுதானே" என்றார். கல்யாணத்தில் வாசித்தால் ஒரு பெயர், சாவுக்கு வாசித்தால் இன்னொரு பெயர். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லையே என்றார். அவசர அவசரமாக அதையும் மனுவில் ஒரு பத்தியாகச் சேர்த்தேன். 250 சொல் வரம்பு இருந்ததால் மேளத்தின் தோலைப் பதப்படுத்துவது பற்றிய நல்ல பத்தி ஒன்றை வெட்ட வேண்டியதாயிற்று. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

2025 மார்ச் 28 மாலை மனு போனது. ஜூனில் ஒரு புகைப்படத்தின் உரிமைப் பத்திரம் விடுபட்டிருக்கிறது என்று கடிதம் வந்தது, செப்டம்பருக்குள் அனுப்பிவிட்டோம். முடிவு 2026 கடைசியில். என் பயணச் செலவு பில் மட்டும் இரண்டு தலைநகரங்களுக்கும் நடுவே எங்கேயோ நிற்கிறது. அதை எந்த நாடு முதலில் தருவது என்று பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.