கயிற்றைப் பற்றிக்கொண்ட காரீயம்: 1139ஆம் ஆண்டுத் திருத்தந்தை முத்திரையைச் செய்து பார்த்த அனுபவம்

பட்டுக்கயிற்றை விடாமல் பற்றிக்கொண்டு தொங்கும் காரீய முத்திரை ஒன்று ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. திருத்தந்தை இரண்டாம் இன்னசென்ட் 1139 மார்ச் 29 அன்று, எருசலேமில் இருந்த சிலுவைப்போர்த் துறவு வீரர்களின் சபையான டெம்ப்ளர் சபையின் தலைவர் ராபர்ட் தெ க்ரானுக்கு வழங்கிய ‘ஓம்னே தாதும் ஓப்டிமும்’ என்ற சிறப்புரிமை மடலை, தோல், மை, மடிப்பு, கயிறு, முத்திரை என எல்லாவற்றையும் அக்கால முறையை ஒட்டியே செய்து பார்ப்பது என்று எடுத்துக்கொண்ட வேலையில், மாதக்கணக்கில் நகராமல் நின்றது இந்த ஒரு கட்டம்தான். மடல் இன்னும் முடியவில்லை. அடிப்பகுதியில் வரும் வட்டக்குறி, அதாவது திருத்தந்தையின் வாசகத்தைத் தாங்கும் வட்டச் சின்னம், பாதியில் நிற்கிறது. ஆயினும் முத்திரை தேறிய மகிழ்ச்சி ஆறுவதற்குள் அதைப் பற்றி எழுதிவிட விரும்புகிறேன்.

முத்திரைக்கு இத்தனை பாடுபட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, அந்த மடல் எதைச் சுமந்து சென்றது என்பதே விடை. பத்திலொரு பங்கு வரியிலிருந்து விலக்கு, சபைக்கெனத் தனிக் குருக்களை வைத்துக்கொள்ளும் உரிமை, போரில் கைப்பற்றிய பொருளைத் தாமே வைத்துக்கொள்ளும் உரிமை, உள்ளூர் ஆயர்களுக்குக் கட்டுப்படாமல் திருத்தந்தையின் நேரடிப் பாதுகாப்பில் இருக்கும் நிலை ஆகிய அனைத்தும் ஒரு தோல் துண்டில் எழுதிக் கடல் கடந்து எருசலேமுக்குப் போயின. இத்தகைய உரிமைகளை அங்கிருந்த ஆயர்கள் எளிதில் ஏற்கவில்லை. எருசலேமில் இருந்த மற்றொரு துறவுச் சபையான ஹாஸ்பிடலர் சபைக்கு 1154இல் திருத்தந்தை நான்காம் அனஸ்தாசியுஸ் இதைப் போன்ற உரிமைகளை வழங்கியபோது, எருசலேம் திருச்சபையின் தலைவரான மறைமுதுவர் ஃபுல்கர் தள்ளாத வயதிலும் இத்தாலிக்கே கப்பலேறிச் சென்று திருத்தந்தை நான்காம் ஏட்ரியனிடம் முறையிட்டார், பயன் கிடைக்கவில்லை. எதிர்த்தரப்பு இவ்வளவு தீவிரமாக இருந்த இடத்தில், மடல் உண்மையானதுதான் என்று பார்த்தவுடன் நம்பவைக்க வேண்டிய பொறுப்பு, கயிற்றில் தொங்கிய ஏறத்தாழ 50 கிராம் காரீயத்தின் மீது இருந்தது.

அச்சுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முந்தைய திருத்தந்தை இரண்டாம் பாஸ்கல் காலம் தொட்டு நிலைபெற்ற அமைப்பே இது: ஒரு பக்கம் பவுல், பேதுரு இருவரின் தலைகளும் நடுவில் சிலுவையும், மறுபக்கம் திருத்தந்தையின் பெயரும் எண்ணும். பார்ப்பவரின் இடப்புறம் இருக்கும் பவுலுக்கு நீண்டு கூம்பிய தாடி. வலப்புறத்துப் பேதுருவின் முடியும் தாடியும் புள்ளி புள்ளியாகச் சுருண்டவை. நகைக்கு அச்சு வெட்டும் ஆசாரி ஒருவர் இரும்பில் செதுக்கிக் கொடுத்தார். விளிம்பைச் சுற்றி வரும் முத்துப் புள்ளிகளைத் தோராயமாக வைத்துவிடலாம் என்று அவர் சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. திருத்தந்தையின் எழுத்தகத்தார் போலி முத்திரையைக் கண்டறியப் புள்ளிகளின் எண்ணிக்கையையே ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்பதால், அக்கால முத்திரையின் ஒளிப்படத்தில் எத்தனை உண்டோ அத்தனையும் அச்சில் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அவர் பொறுமையாகச் செய்து தந்தார்.

இனி, என்னை இத்தனை நாள் கட்டிப்போட்ட பகுதிக்கு வருகிறேன். காரீயம் 327 பாகை செல்சியசில் உருகுகிறது. அந்தச் சூட்டில் பட்டு கருகிப் பொடியாகிவிடும். ஆகவே கயிற்றை வைத்து அதைச் சுற்றி ஈயத்தை ஊற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. முதலில் உள்ளே துளையுள்ள வெற்று வில்லையை வார்த்து, அது ஆறியபின் கயிற்றை அத்துளைக்குள் கோத்து, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்த வேண்டும். அழுத்தத்தில் வில்லை பரந்து உருவத்தை வாங்குவதோடு, துளையும் மூடிக்கொண்டு கயிற்றைக் கவ்வ வேண்டும். சொல்வதற்கு எளிதான இந்த வாக்கியத்துக்குள்தான் அவ்வளவு சிக்கலும் இருக்கிறது.

வார்ப்புக்கு மாக்கல்லை எடுத்துக்கொண்டேன். கல்சட்டி செய்யும் இடத்தில் கழித்துப்போட்ட துண்டுகளே போதும். அரத்துக்கும் உளிக்கும் நன்றாக வளைந்துகொடுக்கும் கல் அது. முத்திரை வில்லைகளைக் கல் அச்சில் வார்க்கும் வழக்கம் பைசாந்தியத்திலும் இருந்தது. குழி 32 மி.மீ. விட்டம், 6 மி.மீ. ஆழம். துளைக்காகக் குழியின் குறுக்கே கிடத்தும் கம்பிக்கு, மிதிவண்டிச் சக்கரத்தின் ஆரக்கம்பியைக் காட்டிலும் பொருத்தமானது எனக்கு அகப்படவில்லை. மடலின் அடிமடிப்பிலிருந்து கயிற்றின் இரண்டு முனைகளும் இறங்கி வந்து ஒரே முத்திரைக்குள் நுழைவதால், இரண்டு கம்பிகளை ஒட்டினாற்போல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கம்பிகளை விளக்குச் சுடரில் காட்டிக் கரி படியவிட்டால் ஈயம் ஒட்டுவதில்லை. இடுக்கியால் திருகி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மாக்கல்லில் சிறிது ஈரம் இருந்தாலும் உருகிய ஈயம் தெறிக்கும். ஆகவே கல்லை அடுப்பருகே நன்கு சூடாக்கிய பிறகே ஊற்ற வேண்டும். மொட்டைமாடியில், காற்று முதுகுப் பக்கத்திலிருந்து வீசும்படி நின்றுகொண்டு, சமையலுக்கு மீண்டும் போகாத இரும்புக் கரண்டியில் உருக்குவது என்ற ஒழுங்கை ஒருநாளும் தளர்த்தியதில்லை.

வில்லைகள் அழகாகவே வந்தன. அழுத்தியபோதுதான் அவை எதிர்ப்பைக் காட்டின. துளையின் வாய் இருக்கும் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் நேர்க்கோடாகப் பிளந்தன. அச்சைச் சரிசெய்தும், அழுத்தத்தைக் குறைத்தும், கயிற்றை மெலிதாக்கியும் அதே பிளவு வந்தது. காரணம் ஈயத்தில்தான் இருந்தது. பழைய இரும்புக் கடையில் ‘சுத்தமான காரீயம்’ என்று சொல்லி எடைபோட்டுத் தந்தது கார்ச் சக்கரங்களைச் சமன் செய்யப் பொருத்தும் எடைகளை உருக்கிய கட்டி. அவற்றைக் கெட்டிப்படுத்துவதற்காக ஆன்டிமனி கலப்பார்கள். கலந்த ஈயம் பரந்து கொடுக்காமல் வெடிக்கிறது. விற்பவர் சொல்லும் சொல்லை நம்பாமல் இருக்க ஒரு வழி உண்டு. கட்டியைச் சிமெண்டுத் தரையில் போட்டால் ஆன்டிமனி கலந்தது கணீர் என்று ஒலிக்கும்; தூய காரீயம் ‘தொப்’பென்று விழுந்து அடங்கிவிடும். நகத்தால் கீறினால் கோடு விழவும் வேண்டும். பழைய கட்டடம் ஒன்றை இடித்தபோது கழற்றிய குழாய்த்துண்டுகள் இந்த இரண்டு சோதனையிலும் தேறின. பேட்டரித் தகட்டு ஈயம் மலிவாகக் கிடைத்தாலும் யாரும் அதைத் தொடக்கூட வேண்டாம்; அதிலிருந்து வரும் நச்சுப்புகை இந்தப் பொழுதுபோக்குக்குத் தகுந்ததல்ல.

ஈயம் சரியானதும் கயிற்றின் கனம் என்ற கேள்வி மேலெழுந்தது. மெல்லிய கயிறு துளைக்குள் எளிதாக நுழைந்தது. அழுத்திய பின் இழுத்தால் அதே எளிமையோடு வெளியே வந்தது. கயிறு தடித்துவிட்டாலோ, பவுலின் முகத்துக்கும் பேதுருவின் முகத்துக்கும் நடுவே சிலுவையை ஒட்டி மேடு ஒன்று எழும்பி உருவத்தைக் கெடுத்தது. இறுதியில் பலன் தந்தது, பசை நீக்காத கச்சாப் பட்டு இழைகளை மஞ்சளும் சிவப்புமாகச் சேர்த்து, விரலால் அழுத்தினால் அமுங்காத அளவுக்கு இறுக்கி முறுக்கிய கயிறு. அதைத் துளைக்குள் செலுத்த, முனையில் தேன்மெழுகைத் தடவி ஊசிபோல் கூராக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அழுத்துவதற்குச் சுத்தியலைப் பயன்படுத்துவது வீண். அச்சு துள்ளி இரட்டை உருவம் விழுகிறது. பட்டறை ஒன்றில் இருந்த திருகு அழுத்தியில், கைப்பிடியைச் சுண்டிவிடாமல் மெல்ல மெல்ல இறக்கி, கடைசியில் சிறிது நேரம் அப்படியே பிடித்து வைத்தபோது, 32 மி.மீ. வில்லை 38 மி.மீ. ஆகப் பரந்து 4 மி.மீ. கனத்துக்கு இறங்கியது. துளையின் திசையும் அச்சின் மேல்கீழும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது; இல்லையென்றால் மடலைத் தூக்கிப் பிடிக்கும்போது திருத்தூதர்கள் சாய்ந்து தொங்குவார்கள். அச்சின் பக்கவாட்டில் கோடு கிழித்து, அக்கோட்டைக் கயிற்றோடு பொருத்திக்கொண்டால் போதும்.

பற்றுதல் உண்மையானதுதானா என்று பார்க்க, ஒரு முத்திரையில் ஐந்து கிலோ எடைக்கல்லை இரவு முழுவதும் தொங்கவிட்டேன், கயிறு நகரவில்லை. இன்னொன்றை நகைவேலை வாளால் துளையின் நெடுக்கே அறுத்துத் திறந்தேன். உள்ளே கண்டது இந்த வேலையிலேயே எனக்குக் கிடைத்த பெரும் பரிசு. கயிற்றின் முறுக்குவரிகள் ஒவ்வொன்றும் ஈயத்தின் உட்சுவரில் சாய்கோடுகளாகப் பதிந்திருந்தன. இழைகளுக்கு நடுவே ஈயம் வழிந்து நுழைந்திருந்தது. ஒரு நூலைக் குண்டூசியால் கிளப்ப முயன்றபோது நூல்தான் அறுந்தது.

இதைப் பார்த்த பிறகுதான் பின்னாளைய திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட், தம் ஆட்சியின் தொடக்கத்தில், போலி மடல்களைப் பற்றி எழுதியதன் முழுப்பொருளும் எனக்கு விளங்கியது. உண்மையான மடலிலிருந்து முத்திரையைக் கயிற்றோடு கழற்றிப் பொய் மடலில் சேர்ப்பது ஒரு வகை. கயிற்றை ஈயத்தின் மேற்புறத்தில் அறுத்துப் பொய் மடலில் கோத்து, அதே போன்ற நூலின் துணையோடு மீண்டும் ஈயத்துக்கு அடியில் செருகிவிடுவது மற்றொரு வகை என்று அவர் அடுக்கிக்கொண்டே போகிறார். போலி செய்தவர்கள் உருவத்தைவிடத் துளையைத்தான் குறிவைத்தார்கள். மெல்லிய கயிறு வைத்த என் பழைய முத்திரைகளில் இரண்டாவது தந்திரத்தைச் செய்து பார்த்தேன். வளைத்த ஊசி ஒன்று இருந்தால் தாராளமாகச் செய்யலாம். இறுக்கி முறுக்கிய கயிற்றில் ஈயத்தைக் கீறாமல் அது முடியவில்லை. சிறப்புரிமைகளுக்குப் பட்டும், ஆணை மடல்களுக்குச் சணல் நாரும் என்ற வழக்கம் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உறுதிப்பட்டதை நாம் பெரும்பாலும் மதிப்பின் அடையாளமாகவே படிக்கிறோம். கயிற்றின் இறுக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

மை எனக்குத் தொல்லையே தரவில்லை. மாசிக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின் மூன்றும் ஒரே நாட்டு மருந்துக் கடையில் கிடைத்துவிட்டன. ஐரோப்பியர் அலெப்போக் காய் என்று பெயரிட்டுப் போற்றியது இந்த மாசிக்காயைத்தான். அந்தியோக்கியாச் சிற்றரசின் அண்டை நகரான அலெப்போவின் பெயரை இன்றும் அது சுமக்கிறது. துளையில்லாத, கருநீலம் பாய்ந்த காய்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுங்கள். பூச்சி துளைத்து வெளியேறிய காயில் துவர்ப்பு குறைவு. தோலுக்கு, மேளத்துக்குப் பதப்படுத்தும் ஆட்டுத்தோலை வாங்கிச் சுண்ணாம்பில் மீண்டும் ஊறவைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டிக்கொள்கிறேன். முடிப்பக்கம் இன்னும் சற்று எண்ணெய்ப் பசையோடு இருப்பதால் உட்பக்கத்தில்தான் எழுதுகிறேன். வட்டக்குறியின் உள்வட்டத்தைச் சிலுவை நான்காகப் பிரித்தாகிவிட்டது. வெளி வளையத்தில் ‘அட்யுவா நோஸ் தேயுஸ் சலுதாரிஸ் நோஸ்டர்’ என்ற, இரண்டாம் இன்னசென்ட்டுக்கே உரிய வாசகத்தை எழுத வேண்டும். எழுத்துகள் வளையத்தை நிரப்பிச் சரியாக முடிவதற்கான இடைவெளிக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குள் மனம் அடுத்த வேலைக்குத் தாவிவிட்டது. மேற்கிலிருந்து கிழக்கே போன மடலைச் செய்தவனுக்குக் கிழக்கிலிருந்து மேற்கே வந்தவற்றையும் செய்து பார்க்கும் ஆசை எழுவது இயல்புதான். 1187 ஜூலை 4 அன்று ஹத்தீனில் சிலுவைப்போர்ப் படை அழிந்து, டெம்ப்ளர் தலைவரே சிறைப்பட்ட பிறகு, எஞ்சியிருந்த தெரிக்குஸ் என்ற பொறுப்பாளர் மேற்கிலுள்ள தம் சகோதரர்களுக்கு எழுதிய மடலில், அன்று ஒரே நாளில் 230 சகோதரர்கள் தலை துண்டிக்கப்பட்டதையும், அதற்குமுன் மே 1 அன்று 60 பேர் மாண்டதையும் தெரிவிக்கிறார். திருத்தந்தை எட்டாம் கிரகோரி அவ்வாண்டு அக்டோபர் 29 அன்று ஃபெராராவிலிருந்து விடுத்த ‘ஔதித்தா த்ரெமெந்தி’ மடல் ஹத்தீன் தோல்விக்காகக் கலங்குகிறது. ஆனால் அக்டோபர் 2ஆம் நாளே எருசலேம் நகரம் சலாவுத்தீனிடம் சரணடைந்துவிட்டது என்ற செய்தி அதில் இல்லை. கடல் அவ்வளவு மெதுவாகவே செய்தியைக் கொண்டுவந்தது. 1260 மார்ச்சில் மங்கோலியர் படையெடுப்பைப் பற்றி டெம்ப்ளர் தலைவர் தாமஸ் பெரார்டு கிழக்கிலுள்ள துறைமுக நகரான அக்கோவிலிருந்து எழுதிய மடல் ஜூன் நடுவில் லண்டனை அடைந்ததே விரைவாகக் கருதப்பட்டது.

தெரிக்குஸின் மடலையும் கிரகோரியின் மடலையும் ஒரு சோடியாகச் செய்வதுதான் திட்டம். கிரகோரி அக்டோபர் 21 அன்று தேர்ந்தெடுக்கப்பட்டு 25 அன்று திருநிலைப்படுத்தப்பட்டார். அந்த இடைப்பட்ட நாள்களில் விடுத்த மடலாக இருந்திருந்தால், பெயர்ப்பக்கம் வெறுமையாக விடப்பட்ட ‘அரை முத்திரை’யே அதில் தொங்கியிருக்கும், திருத்தூதர் பக்கத்து அச்சு ஒன்றைக் கொண்டே நான் வேலையை முடித்திருப்பேன். 29ஆம் நாள் மடலுக்குப் பெயரோடு கூடிய முழு முத்திரை வேண்டும். ஆசாரியிடம் புதிய பெயர்ப்பக்க அச்சுக்குச் சொல்லிவிட்டேன்.

கிழக்கு மடல்களுக்கு மெழுகா ஈயமா என்று எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், தேன்மெழுகில் செய்த மாதிரி முத்திரை ஒன்றை மே மாத வெயிலில் மாடிச் சுவர்மேல் வைத்துப் பார்த்தேன். தேன்மெழுகு உருகுவதற்கு 62 பாகை வேண்டும் என்றாலும், அதற்கு வெகுமுன்பே அது இளகி, உருவம் மழுங்கிப்போனது. எருசலேம் அரசர்கள் தாவீதின் கோபுரத்தையும் திருக்கல்லறையையும் பொறித்த தங்கள் முத்திரையை மேற்கத்திய அரசர்களைப் போல மெழுகில் இடாமல் காரீயத்தில் இட்டதற்கு வெப்பமும் ஒரு காரணம் என்று பலர் சொல்வது எனக்கு முழு ஏற்புடையதாகவே இருக்கிறது. ஹாஸ்பிடலர் தலைவரின் காரீய முத்திரையில் ஒரு பக்கம் இரட்டைக் குறுக்குச் சிலுவையின்முன் முழந்தாளிடும் உருவமும், மறுபக்கம் தொங்கும் விளக்கின்கீழ்ப் படுக்கையில் கிடத்தப்பட்ட மனித உருவமும் உண்டு. அந்த விளக்கின் சங்கிலியை எவ்வளவு மெலிதாகச் செதுக்கினால் ஈயம் அதற்குள் ஏறும் என்பதை அறிய, மீந்த இரும்புத் துண்டில் அரை மி.மீ. தொடங்கி வெவ்வேறு அகலக் கோடுகளை வெட்டித் தரும்படி கேட்டிருக்கிறேன். அது வரும்வரை வட்டக்குறியின் வெளிவளையத்தை எழுதி முடித்துவிட வேண்டும்.