பழைய ஏற்பாட்டுத் தாளில் ராட்சதர் கேள்வி: உபாகமம் 2-ஐ வரைந்து படியுங்கள்

பி.டி. (இறையியல் பட்டம்) முடிவு வந்துவிட்டது. பழைய ஏற்பாட்டில் நினைத்ததைவிட நல்ல மதிப்பெண். எபிரெய இலக்கணத் தாளைப் பற்றி மட்டும் இப்போது யாரும் கேட்காதீர்கள், கொஞ்ச நாள் போகட்டும்.

ஜூனியர் தம்பி தங்கைகள் விடாமல் கேட்பது ராட்சதர், அதாவது இஸ்ரவேலருக்கும் அண்டை ஜனங்களுக்கும் முன்பு அந்த நிலங்களில் இருந்த பூர்வ குடிகள் பகுதியைத்தான். ஏமியர், சம்சூமியர், ஓரியர், ஆவியர், ரெப்பாயீமியர் என்று பெயர்களைப் பார்த்தவுடனே பாதிப் பேர் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். எனக்குக் கைகொடுத்ததே அந்தப் பகுதிதான்.

எனக்கு மனப்பாடம் வராது. கூட்டமாக உட்கார்ந்து கத்திப் படிப்பதும் ஒத்துவராது. அதனால் வரைந்தேன். நீங்களும் ஒரு வெள்ளைத் தாளில் சவக்கடலையும் அதற்கு மேலே யோர்தானையும் போடுங்கள். கிழக்குப் பக்கம்தான் நமக்கு வேண்டும். கீழே தெற்கில் சேயீர்: முதலில் ஓரியர், பிறகு யாக்கோபின் அண்ணன் ஏசாவின் மக்கள். அதற்கு மேலே மோவாப்: முதலில் ஏமியர், பிறகு ஆபிரகாமின் அண்ணன் மகன் லோத்தின் சந்ததி. அடுத்து அம்மோன்: முதலில் சம்சூமியர், பிறகு லோத்தின் இன்னொரு சந்ததி. உச்சியில் பாசான்: ரெப்பாயீமியரில் மிஞ்சிய ஓக் ராஜா. உபாகமம் 2, 3 அதிகாரங்களில் இஸ்ரவேலர் தெற்கிலிருந்து வடக்கே போவது இந்த வரிசையில்தான்.

இப்போது ஆதியாகமம் 14:5, 6-ஐ எடுங்கள். ஏலாமின் ராஜா கெதர்லாகோமேரும் அவன் கூட்டாளி ராஜாக்களும் வடக்கிலிருந்து இறங்கி வருகிறார்கள். முறியடிக்கப்பட்டவர்கள் யார்? ரெப்பாயீமியர், சூசிமியர், ஏமியர், ஓரியர். அதே வரிசை, தலைகீழாக! சூசிமியரும் சம்சூமியரும் ஒருவரே என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஒரு படம் கையில் இருந்தால் இரண்டு அதிகாரங்களுக்கும் பதில் ரெடி. ஆவியர் மட்டும் இந்தக் கோட்டில் வரமாட்டார்கள். அவர்கள் மேற்கே காசா பக்கம், கப்தோரியர் வந்து அவர்களை அழித்துக் குடியேறினார்கள் (2:23).

பெயர்களை அடுக்கிவிட்டு நிறுத்தினால் பாதி மதிப்பெண்தான். இந்தப் பழங்கதை உபாகமத்தில் எதற்கு என்பதை எழுத வேண்டும். ஏசாவுக்குச் சேயீரையும், லோத்தின் புத்திரருக்கு மோவாபையும் அம்மோனையும் கொடுத்தது கர்த்தரே, அதில் கை வைக்காதே என்கிறது 2:5, 9, 19. இஸ்ரவேலுக்கு மட்டும்தான் நிலம் கிடைத்தது என்று யாரும் சொல்ல முடியாது. அப்புறம், கானானை வேவு பார்க்கப் போய் ஏனாக்கியர் என்ற ராட்சதரைப் பார்த்து வெட்டுக்கிளி போலானோம் என்று நடுங்கிய தலைமுறைக்கு இது சரியான குத்தல்: பக்கத்து வீட்டு மோவாபியனும் அம்மோனியனும் அதே மாதிரி ராட்சதரைத் துரத்திவிட்டுத்தான் குடியிருக்கிறார்கள். நான் இதை ஒரு முழுப் பக்கம் எழுதினேன்.

ஓக்கின் இரும்புக் கட்டில் (3:11) தனிக் குறிப்பாக வரலாம். ஒன்பது முழ நீளம், நாலு முழ அகலம், அம்மோனியரின் ரப்பாவில் இருந்தது. கைமாறி வந்த ஒரு நோட்ஸில் கட்டிலின் நீளம் பதின்மூன்றரை அடி, ஆகவே ஓக்கின் உயரமும் அதே என்று போட்டிருந்தது. கட்டில் அளவு ஆள் அளவாகுமா? பாபிலோனில் மர்தூக் தெய்வத்தின் கோயில் கட்டிலுக்கும் இதே ஒன்பதுக்கு நாலு அளவு சொல்லப்படுகிறது. அதைச் சேர்த்து எழுதுங்கள். கருங்கல் சவப்பெட்டியாக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு, ஒரு வரி போதும். வாட்ஸ்அப்பில் சுற்றும் ராட்சத எலும்புக்கூட்டுப் படங்களை, அவை ஒட்டுவேலை, தயவுசெய்து விடைத்தாளுக்குள் கொண்டுவராதீர்கள்.

உகரித் என்ற பழைய நகரம் கட்டாயம் வேண்டும். அது இருந்த இடமான சிரியாவின் ராஸ் ஷம்ராவில் 1929-இல் அகழாய்வு தொடங்கியது. அங்கே கிடைத்த களிமண் பலகைகளில் இறந்துபோன ராஜாக்களோடு சேர்த்து ரெப்பாயீமை அழைக்கும் சடங்கு இருக்கிறது. ஏசாயா 14:9-இல் பாதாளத்தில் எழும்புகிற செத்தவர்களும் எபிரெயத்தில் ரெப்பாயீம்தான், அதாவது ரெப்பாயீமியர் என்ற அதே சொல். யோசுவா 12:4-இல் ஓக் குடியிருந்த அஸ்தரோத்தும் எத்ரேயியும் ஒரு உகரித் பாடலில் சேர்ந்து வருவதாகப் பலரும் வாசிக்கிறார்கள். இதை எழுதியதும் விடைக்கே ஒரு கனம் வந்துவிட்டது.

மிச்சம் சுருக்கமாக:

- கோலியாத் (1 சாமுவேல் 17-இல் தாவீது கொன்ற ராட்சதன்) உயரம்: மசோரெத் பாடத்தில், அதாவது வழக்கமான எபிரெய பாடத்தில், ஆறு முழமும் ஒரு ஜாணும். செப்துவஜிந்த் (பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு), சவக்கடல் பக்கம் கிடைத்த கும்ரான் சாமுவேல் சுருள், யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் மூன்றிலும் நாலு முழமும் ஒரு ஜாணும், அதாவது ஏறக்குறைய இரண்டு மீட்டர். இதைச் சொல்லாத விடை எனக்கு விடையே இல்லை.
- 2 சாமுவேல் 21:19-இல் கோலியாத்தைக் கொன்றவன் எல்க்கானான். 1 நாளாகமம் 20:5-இல் அவன் கொன்றது கோலியாத்தின் சகோதரன் லாகேமியை. இரண்டையும் எழுதுங்கள், சமாதானம் பண்ணி வைக்க வேண்டாம்.
- எபிரோன் ஏனாக்கியரை ஒழித்தது யார்? யோசுவா 11:21-இல் யோசுவா, 15:14-இல் காலேப், நியாயாதிபதிகள் 1:10-இல் யூதா. மிஞ்சியவர்கள் காசா, காத், அஸ்தோத்தில். காத் ஊரான் கோலியாத் எங்கிருந்து வந்தான் என்பதற்கு அதுவே பதில்.
- உபாகமம் 7:1-இல் ஏழு ஜாதிகள், ஆதியாகமம் 15:19-21-இல் பத்து. பத்தில் ரெப்பாயீமியர் உண்டு, ஏவியர் இல்லை. ஒரு மதிப்பெண் கேள்விக்கு ஏற்ற இடம்.
- ஆதியாகமம் 6:1-4 (தேவகுமாரர் மனுஷ குமாரத்திகளை மணந்தது) விரிவான கேள்வியாக வந்தால், சாய்ஸ் இருந்தால், விட்டுவிடுங்கள். அந்தத் தேவகுமாரர் யார் என்பதற்குத் தேவதூதர், சேத்தின் வம்சம், ராஜாக்கள் என்று மூன்று கருத்தையும் எழுதி, தேவதூதர் கதையை விரிக்கும் பழைய யூத நூலான ஏனோக்கு புத்தகத்துக்குள் போனால் வெளியே வர நேரம் இருக்காது. சாய்ஸ் இல்லையென்றால் ஏனோக்குக்கு ஒரு பத்தி, சேத்தின் வம்சம் என்ற அகஸ்டினுக்கு ஒரு பத்தி, அதோடு எண்ணாகமம் 13:33-க்கு, அந்த வெட்டுக்கிளி வசனத்துக்கு, வந்துவிடுங்கள்.