அருட்செல்வி: மகளின் பெயருக்கு எழுத்து முடிவு செய்த அனுபவம்

கிளிநொச்சியில் எங்கள் மகள் பிறந்தபோது, என்ன பெயர் வைப்பது என்பதில் வீட்டில் எந்தப் பிணக்கும் எழவில்லை. கணவரின் தாயார் பெயர் 'அருள்' என்று தொடங்கும். என் தாயாரை ஊரே 'செல்வி' என்றுதான் கூப்பிடும். பிள்ளை கார்த்திகை நட்சத்திரம் முதலாம் பாதம் என்பதால் அகரத்தில் தொடங்கும் பெயர் பொருந்தும் என்று ஐயர் சொல்ல, இரண்டில் எது முன்னுக்கு வருவது என்பதும் தீர்ந்துவிட்டது. எப்படி எழுதுவது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து வந்தது. அருள் செல்வி, அருள்செல்வி, அருட்செல்வி என மூன்றுக்கும் ஆட்கள் இருந்தார்கள். பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். நாங்களோ 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு (பிள்ளைப்பேற்றுத் தீட்டைக் கழிக்கும் சடங்கு) முன்பே ஒரு முடிவுக்கு வர விரும்பினோம்.

ஓர் எழுத்துக்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று கேட்டவர்களும் உண்டு. வன்னியில் இருப்பவர்களுக்கு அந்தக் கேள்விக்கான விடை தெரியும். 2009 போர்க்கால இடப்பெயர்வில் பத்திரங்களைப் பறிகொடுத்து, மீள்குடியேறிய பின் ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்தபோது, அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் காணி அனுமதிப்பத்திரத்தில் வேறு விதமாகவும் பெயர் இருந்ததால், இரண்டும் ஒருவரே என்று சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி (உறுதிமொழிப் பத்திரம்) முடித்து, கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தலும் வாங்கி அலைந்த குடும்பங்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றன. என் தாயாரும் அப்படி அலைந்தவர்தான். அவருடைய பேத்திக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

இடைவெளி விட்டு 'அருள் செல்வி' என்று எழுதினால் படிக்க இலகு என்றார் என் அண்ணா. எனக்கு அது சிறிதும் பிடிக்கவில்லை. எங்கள் பாடசாலைப் பதிவுகளிலும் அழைப்பிதழ்களிலும் மணமாகாத பெண்ணின் பெயருக்கு முன்னால் 'செல்வி' என்று போடுவது வழக்கம். பெயரைப் பிரித்து எழுதினால், பிள்ளையின் பெயர் அருள் மட்டும்தான், செல்வி என்பது மரியாதைச் சொல் என்று பட்டியல் எழுதுபவர் எண்ணிக்கொள்வார். வெளிநாட்டுப் படிவங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாங்கள் தந்தை பெயரை முன்னே எழுதுகிறோம். அங்கே கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுப்பார்கள். அப்போது 'செல்வி' குடும்பப் பெயராகி, 'அருள்' நடுவில் அகப்பட்டுக்கொள்ளும். ஆகவே சேர்த்தே எழுதுவது என்று முடிவாயிற்று.

அடுத்தது ளகரமா, டகரமா என்பது. "அருட்செல்வி எண்டால் வேதக்காரப் பேர் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார் மாமி. வேதக்காரர் என்று அவர் சொன்னது கிறிஸ்தவர்களை. அருட்சகோதரி, அருட்தந்தை என்று நாளாந்தம் கேட்ட காதுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் வள்ளலாரின் அருட்பெருஞ்சோதியிலும் அதே டகரம்தானே இருக்கிறது என்று சொன்னதும் மாமியின் முகம் மலர்ந்தது. ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவரிடமும் கேட்டோம். அருளின் செல்வி என்று வேற்றுமைப் பொருளில் விரித்தால், ளகரத்தின் பின் வல்லினம் வரும்போது அது டகரமாகத் திரியும் என்பது நன்னூல் விதி என்றும், அல்வழியாக, அதாவது வேற்றுமைப் பொருள் இல்லாத தொடராகக் கொண்டால் திரிந்தும் திரியாமலும் வரலாம் என்றும், எனவே 'அருள்செல்வி' என்பதையும் பிழை என்று தள்ள முடியாது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். நான் இரண்டையும் பலமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். 'ட்செ' என்று அழுந்தும்போது இரண்டு பெயர்களும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்கின்றன. அதுவே எனக்கு வேண்டியிருந்தது.

ஆங்கில எழுத்தில்தான் நேரம் கூடச் சென்றது. கனடாவில் இருக்கும் மாமா, அங்குள்ளவர்கள் வாசிக்கச் சுலபமாக டகரத்தின் இடத்தில் 'எல்' (L), சகரத்துக்கு 'எஸ்' (S) போடச் சொன்னார். அப்படி எழுதினால் தமிழில் ஒரு பெயர், ஆங்கிலத்தில் வேறொரு பெயர் என்றாகிவிடும். டகரத்துக்கு 'ரி' (T) போடுவதா 'டி' (D) போடுவதா என்று பார்த்து, எங்கள் ஊர்ப் பெயர்களில் பழகிய 'டி'யையே எடுத்தோம். சகரத்துக்கு 'சி-எச்' (CH), முடிவில் 'ஐ' (I). எண்சோதிடம் பார்த்து முடிவில் 'வை' (Y) போடலாம் என்றும் ஓர் உறவினர் சொன்னார். ஒலிக்காக அல்லாமல் எண்ணுக்காக எழுத்தை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அடையாள அட்டையில் சிங்களத்திலும் பெயர் வரும், அங்கே டகர ஒலிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகள் உண்டு என்பதால், சிங்களம் நன்கறிந்த நண்பரிடம் அதையும் எழுதி வாங்கி வைத்திருக்கிறோம்.

பதிவாளரிடம் போகும்போது, பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனோம். அவர் பதிந்ததைக் கையொப்பமிடுமுன் எழுத்தெழுத்தாக வாசித்தேன். 'அருட்ச்செல்வி' என்று நடுவில் ஒரு 'ச்' கூடியிருந்தது. தமிழ்ச்செல்வி, கலைச்செல்வி என்று எழுதிப் பழகிய கைக்கு அது இயல்பாக வந்துவிடும்; ஆனால் ட், ற் என்னும் மெய்களுக்குப் பின் இன்னொரு வல்லின மெய் வராது. சொன்னதும் அவர் மறுப்பின்றித் திருத்தினார். கையொப்பத்துக்குப் பிறகென்றால் அதே திருத்தத்துக்கு விண்ணப்பமும் சான்றுகளும் வேண்டும். சான்றிதழ் கிடைத்ததும், அதைப் பார்த்தே கிளினிக் அட்டையிலும் பெயரை எழுதும்படி குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொண்டோம்.