பிளீக்லோ: ஹெதர் மேட்டில் நடக்க

ஆகஸ்ட் 23

ஹெதர் என்ற குறும்புதர் பூத்து மேடு முழுக்க ஊதா. இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே கிடக்கும் பிளீக்லோவின் உயரம் 633 மீட்டர்தான். ஸ்னேக் பாஸ் சாலையே 500 மீட்டருக்கு மேல் ஏறிவிடுவதால் ஏற்றம் ஒரு பொருட்டில்லை. காலடி நிலம்தான் ஆளைச் சோதிக்கும். சாலை உச்சியிலிருந்து பென்னைன் வே என்ற நெடுநடைப் பாதையில் மேட்டின் உச்சிக்கு வடக்கே சுமார் 4 கி.மீ. தொடக்கத்தில் கற்பலகை பாவியிருக்கிறது. டெவில்ஸ் டைக் என்ற பள்ளத்தைத் தாண்டி ஹெர்ன் கிளஃப் ஓடையோடு ஏற வேண்டும்.

பாதையை விட்டு இறங்கினால் மணிக்கு 2 கி.மீ. என்றே கணக்குப் போடுங்கள். முதிர்ந்த ஹெதர் முழங்கால் உயரம், தண்டு சுள்ளி மாதிரி இறுகியிருக்கும். அடியில் பாறை இடுக்கு இருப்பது தெரியாமல் காலை விட்டால் கணுக்கால் பிசகும். இளஞ்செடி உள்ள திட்டுகளாகப் பார்த்து, சுற்றினாலும் பரவாயில்லை, அதன் வழியே போவது மேல். காலணிக்கு மேல் கணுக்காலை மூடும் கெய்ட்டர் உறை அவசியம். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

செப்டம்பர் 14

மட்கிய செடிகள் சேர்ந்து உருவான சதுப்பு மண்ணான பீட், இரண்டு நாள் மழைக்குப் பின் குழகுழவென்று இருக்கிறது. கறுத்துப் பளபளக்கும் இடம் காலை உள்ளே இழுக்கும். பச்சைப்பசேல் என்ற ஸ்பேக்னம் பாசியில் மிதிக்கவே கூடாது. பஞ்சுப்புல் நின்றால் அடியில் ஈரம் நிச்சயம்.

மேட்டை அறுத்தோடும் பள்ளங்களில் சில ஆளுயரத்துக்கும் ஆழம். அடிவரை அரித்த பள்ளத்தில் மணலும் சரளையும் தட்டுப்படும். அங்கே நன்றாக நடக்கலாம். ஆனால் பள்ளம் வளைந்து வளைந்து போகும். அதை நம்பிக் கால் மணி நேரம் நடந்தால் திசையே மாறியிருக்கும். ஒவ்வொரு வளைவிலும் திசைகாட்டியைப் பாருங்கள்.

ஆலைப்புகை பாசியைக் கொன்றதாலும், தீயாலும், ஆட்டு மேய்ச்சலாலும் மொட்டையான மண் இது. 2003 முதல் வெட்டிய ஹெதரைப் பரப்பியும், சுண்ணாம்பும் புல்விதையும் தூவியும், பள்ளங்களில் தடுப்பணை கட்டியும் மீட்கிறார்கள். அந்தத் தடுப்புகளைப் பாலமாக்கி மிதிக்காதீர்கள். சரிந்தால் தேங்கிய நீரோடு மண்ணும் போய்விடும்.

அக்டோபர் 19

மூடுபனி. உச்சி தட்டையாக இருப்பதால் எது தலைமேடு என்றே தெரியாது. 1:25,000 அளவு வரைபடத்தில் வழியை 300 மீட்டர் துண்டுகளாகப் பிரித்துக்கொண்டு போவதே வழி. சமதரையில் 100 மீட்டருக்கு இடதுகால் எண்ணிக்கை 65 வருபவருக்கு ஹெதரில் 80 வரும். முன்பே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஓடையைத் தேடிப் போகும்போது வேண்டுமென்றே ஒரு பக்கம் தள்ளிக் குறிவையுங்கள். அப்போதுதான் ஓடையைத் தொட்டதும் எந்தப் பக்கம் திரும்புவது என்ற குழப்பம் வராது. கைப்பேசியைத் திசைகாட்டிக்கு அருகில் பிடித்தால் முள் விலகும்.

நவம்பர் 3

1948இல் இதே நாளில், மேகத்துக்குள் வந்த அமெரிக்க பி-29 விமானம் இந்த மேட்டிலுள்ள ஹையர் ஷெல்ஃப் ஸ்டோன்ஸ் என்ற பாறை முகடு அருகே மோதி, இருந்த 13 பேரும் இறந்தார்கள். உலோகத் துண்டுகள் இன்னும் பீட்டில் கிடக்கின்றன. ஒன்றையும் எடுக்காதீர்கள், அது நினைவிடம்.

நாலரைக்கெல்லாம் சூரியன் மறைகிறது. தலைவிளக்கு இல்லாமல் கிளம்ப வேண்டாம். சிக்கிக்கொண்டால் நிமிடத்துக்கு ஆறு விசில், பிறகு ஒரு நிமிடம் அமைதி, மறுபடியும் ஆறு. சிக்னல் கிடைத்தால் அவசர எண் 999இல் முதலில் போலீஸைக் கேட்டு, அடுத்து மலை மீட்புக் குழுவைக் கேளுங்கள்.