தேரி மணலும் ஃபோம் ஃபில்டரும்

திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணல் மாவு போல நைசானது. ஆடிக் காற்றில் அந்த ஓரத்து வண்டித்தடங்களில் ஒரு நாள் பைக் ஓட்டிவிட்டு வந்தால், வீடு சேர்ந்ததும் சீட்டைக் கழற்றி ஏர் ஃபில்டரைப் பார்த்துவிடுவேன். இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபில்டரைப் பார்ப்பது என்ற கணக்கெல்லாம் தார் ரோட்டுக்குத்தான்.

ஃபில்டரைக் கழற்றியதும், இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் துளையில் சுத்தமான துணியை அடைத்துவிட வேண்டும். ஒரு சிட்டிகை மணல் உள்ளே போனாலே பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அராவிவிடும். அப்புறம் கம்ப்ரஷன் குறையும், நீலப்புகை வரும்.

என்னுடையது ஃபோம் (ஸ்பாஞ்ச்) ஃபில்டர். பேப்பர் ஃபில்டரைக் கழுவக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஃபோமை மண்ணெண்ணெயிலோ அதற்கென விற்கும் கிளீனரிலோ அலசி, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவலாம். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். தீ அபாயம் ஒருபக்கம், ஃபோமை ஒட்டிய பசையும் விட்டுப்போகும். துணி பிழிவது போல முறுக்காதீர்கள், கிழியும். உள்ளங்கையில் வைத்து அமுக்கினால் போதும். நிழலில் முழுக்கக் காயட்டும்.

எண்ணெய் போடுவதுதான் முக்கியமான வேலை. தூசியைப் பிடித்து நிறுத்துவதே அந்தப் பிசுபிசுப்புதான். இன்ஜின் ஆயில் வடிந்து கீழே இறங்கிவிடும். ஃபில்டர் ஆயிலே வாங்குங்கள், அதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். நிறம் ஒரே சீராகப் பரவும்வரை பிசைந்து, மிச்சத்தை அமுக்கி எடுத்துவிட்டு, விளிம்பில் மெல்லிசாகக் கிரீஸ் தடவி மாட்டுவேன். எண்ணெய் தடவிய இன்னொரு ஃபோம் எப்போதும் ஜிப் கவரில் தயாராக இருக்கும்.